மெட்டி போட்ட காலுக்கு ஒரு ஷூ

ஒத்தக்கடை,
8.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பாண்டீஸ்வரி எழுதுவது. முழங்காலுக்கு மேலே எல்லாம் நலம். அதற்குக் கீழே உள்ளதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குத் தபால்காரரை அலைய விடுகிறாள் என்று நினைப்பீர்கள். கட்டின பெண்டாட்டி போனில் பேசினால் நீங்கள் "ம்" என்பீர்கள். நான் கத்துவேன். வார்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். காகிதத்தில் எம்புட்டுக் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. நீங்களும் கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும்.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். தலைமாட்டில் சாதிகா, கால்மாட்டில் நான். சாதிகா நெல்பேட்டைப் பிள்ளை, என்னைவிடச் சின்னவள், "அக்கா அக்கா" என்று கூடவே ஒட்டிக்கொண்டு திரிவாள். கால்மாட்டில் நிற்பதால் ஒருவருடைய முகத்துக்கு முன்னால் அவருடைய உள்ளங்கால்தான் எனக்குத் தெரிகிறது. கொத்தனார் கால், டீச்சர் கால், ஒரு நாளும் மண்ணில் படாத கால், எல்லாம் பார்த்துவிட்டேன். நேற்று பிரசவ வார்டில், பிறந்து கொஞ்ச நேரமே ஆன பிள்ளையின் பாதத்தில் மை தடவிக் காகிதத்தில் பதித்தார்கள். நம் கொடியின் கொழுந்து வெற்றிலை அளவுதான் இருந்தது. அதற்குள் ஐந்து விரல், அதில் ரேகை. இது ஒரு நாள் முழு ஆளையும் தூக்கிக்கொண்டு நடக்கப்போகிறது என்று நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது மாமா. சாதிகா "என்னக்கா, பேய் பிடிச்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள்.

என் கால் கதைக்கு வருகிறேன். இங்கே மூடின கறுப்பு ஷூதான் போடவேண்டும். ஊசி கீசி விழுந்தால் காலில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக. நியாயம்தான். ஆனால் நான் போடுகிற எந்த ஷூவும் என்னைப் பகையாளி மாதிரி கடிக்கிறது. அறைக்குத் திரும்பினால் காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டுதான் சோறு சாப்பிடுகிறேன்.

நான் பஸ் ஏறும்போது நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கால் நோகும்போது தன்னால வருவ." நோகிறது. மறைக்க மாட்டேன். ஆனால் வரமாட்டேன். கொடி வாடிப்போய் நீங்கள் தலையில் கையை வைத்து உட்கார்ந்தபோதுதான் நான் வேலைக்குக் கிளம்பினேன். கிளம்பிய பிறகுதான் எனக்கே தெரிந்தது, இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது என்று. இம்புட்டுப் பெரிய மதுரையில் என் காலுக்கு ஒரு ஷூ இல்லாமலா போய்விடும்? அது கிடைத்தால் நான் இங்கே. கிடைக்காவிட்டால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும்.

இப்படிக்கு,
உங்கள்
பாண்டீஸ்வரி


சோழவந்தான்,
12.6.2025

பாண்டீஸ்வரிக்கு,

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன்.

புதுக்கொடி அகத்தியில் ஏறிவிட்டது. கோரை வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வாடிப்போன பாத்தியில் வைத்ததும் பிழைத்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கிறது.

இங்கே செருப்புக்கே வேலையில்லை. வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நம் ஆட்கள் செருப்போடு கால் வைத்ததில்லை என்பது உனக்குத் தெரியாததா? படலுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தால் குளிர்ந்த சேறு. கால் வலிக்கு அதைவிட மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது? வந்துவிடு.

உன் சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்திருக்கிறேன்.

காசிமாயன்


ஒத்தக்கடை,
19.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சைக்கிளுக்குக் காற்றடித்த கையால் எனக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதியிருக்கலாம். பரவாயில்லை, சைக்கிளாவது சந்தோஷமாக இருக்கட்டும்.

நான் ஏறி இறங்காத கடை இல்லை. டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடைப்பையன் என் காலைப் பார்த்துவிட்டு, "ஜென்ட்ஸ் செக்சன் மேலங்க்கா" என்றான். இருபது வருடம் வாய்க்காலில் நடந்த கால் வேறு எப்படி இருக்கும், விரல் ஒவ்வொன்றும் ஒரு திசையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். ஏசி போட்ட கடையில் ஒரு ஷூவைக் காலில் மாட்டினேன். அடேயப்பா, காலுக்குக் கீழே தரை இருப்பதே தெரியவில்லை. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்ததும் தரை வந்துவிட்டது. மெதுவாகக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு வாரேன்" என்று வெளியே வந்தேன். உங்களுக்கு அந்த ஒரு உபயோகமாவது இருக்கிறது.

பெரியார் நிலையத்துப் பக்கம் பிளாட்பாரத்தில் வாங்கியது ஒரே வாரத்தில் வாயைப் பிளந்தது. நம் ராம்கியிடம் சொன்னேன். அவன் கோயம்புத்தூரில் இருந்தே ஆன்லைனில் போட்டு, ஷூ என் அறை வாசலுக்கே வந்தது. நான் கறுப்பு என்றேன், உங்கள் மகன் ரோஸ் கலரில் அனுப்பியிருக்கிறான். கேட்டால் "அழகா இருக்கும்மா" என்கிறான். அப்பன் புத்தி.

சின்ன நம்பர் போட்டால் விரலில் உயிர் போகிறது. விரலுக்காகப் பெரிய நம்பர் போட்டால் குதிகால் நழுவுகிறது. கடைசியில் பெரிய நம்பரையே வாங்கி, உள்ளே துணியை அடைத்துக்கொண்டு போய்வந்தேன்.

இப்போது எழுதப்போவதைப் பதறாமல் படியுங்கள். செவ்வாய்க்கிழமை இரண்டாவது மாடியில் இருந்து சரிவுப் பாதையில் ஒரு பெரியவரை இறக்கினோம். பாதிச் சரிவில் என் ஷூ காலைவிட்டுக் கழன்றுவிட்டது. நான் ஒரு பக்கம், ஷூ ஒரு பக்கம். ஸ்ட்ரெச்சர் என்மேல் உருண்டு வந்தது. சாதிகா பின்னால் இருந்து தொங்கி இழுத்துப் பிடித்தாள். பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. "என்னம்மா, வண்டியில பிரேக் இல்லையா?" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சூப்பர்வைசர் அம்மா திட்டவில்லை. "பாண்டீஸ்வரி, ஜூலை நடுவுக்குள்ள கால்ல நிக்கிற ஷூவோட வாங்க. இல்லன்னா ஸ்ட்ரெச்சர் வேலை உங்களுக்கு வேணாம்" என்றார்கள். வேறு வேலை ஏதும் இல்லையாம். அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்களா? சிரித்துக்கொள்ளுங்கள்.

பாண்டீஸ்வரி


சோழவந்தான்,
24.6.2025

பாண்டீஸ்வரிக்கு,

சிரிக்கவில்லை.

வாடிப்பட்டிச் சந்தைக்குப் போனேன். கறுப்பு ஷூ ஒரு ஜோடி இந்தப் பார்சலில் இருக்கிறது. கடைக்காரன், "அம்மா வரலையா? அளவு தெரியாம எப்படிண்ணே?" என்றான். உன் பாதம் என் கைக்கு ஒரு சாணும் மூன்று விரலும். அளந்து காட்டினேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

இது உனக்காக வாங்கியது இல்லை. ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவர் யார் வீட்டுப் பெரியவரோ, அவருக்காக வாங்கியது.

வேலையை விடச் சொல்லி இந்தத் தடவை எழுதவில்லை. போன கடிதத்திலேயே எழுதியாயிற்று.

காசிமாயன்


ஒத்தக்கடை,
29.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பார்சலைப் பிரித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீளம் நூல் பிடித்த மாதிரி சரியாக இருக்கிறது. இத்தனை கடைக்காரர்கள் இரும்பு அளவுகோல் வைத்து அளந்தும் பிடிபடாத கால், உங்கள் கைக்கு எப்படி மாமா தெரிந்தது? நீங்கள் என் காலை எப்போது அளந்தீர்கள்? கேட்டால் சொல்ல மாட்டீர்கள். இருந்தாலும் கேட்கிறேன்.

ஆனாலும் கடிக்கிறது. இரண்டாம் விரலில் ரத்தம். அன்றைக்கு அழுதுவிட்டேன். வலிக்காக இல்லை. நீங்கள் வாங்கித் தந்ததும் சேரவில்லையே என்றுதான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்களுக்குப் பாத முகாம் போட்டிருந்தார்கள். ஒரு கண்ணாடித் தட்டு, அதில் ஏறி நின்றால் பக்கத்துத் திரையில் உள்ளங்கால் கலர் கலராகத் தெரியும். பாரம் விழுகிற இடம் சிவப்பு, குறைவான இடம் நீலம். கூட்டம் குறைந்ததும் சாதிகா என்னைப் பிடித்து ஏற்றிவிட்டாள். என்ன சொல்வேன் மாமா. பிறந்ததில் இருந்து என்னைத் தூக்கிக்கொண்டு நடந்ததை அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்த்தேன். நான் லேசாகச் சாய்ந்தால் அந்தச் சிவப்பும் சாய்கிறது. மூச்சு விட்டால்கூட நிறம் அசைகிறது. நான் சும்மா நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது அது இம்புட்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல், ஒரு நாள் லீவு கேட்காமல். கும்பிடத் தோன்றியது. வரிசையில் ஆள் நின்றதால் கும்பிடவில்லை.

அதில் இரண்டு காலிலும் இரண்டாம் விரல் மட்டும் தெரியவே இல்லை. அந்த இடம் வெறும் கறுப்பு. "விரல் எங்கே காணோம்?" என்றேன். சாதிகா குனிந்து என் காலைப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்கு எதிரி ஷூ இல்ல. இந்த மெட்டிதான்" என்றாள்.

மூன்று சுற்று மெட்டி இத்தனை வருடமாக அந்த விரலை நிமிர்த்தியே வைத்திருக்கிறது. வெறுங்காலில் இருந்தவரை அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. மூடின ஷூவுக்குள் போனால் விரல் மேலே இடிக்கிறது, வெள்ளி பக்கத்து விரலை அறுக்கிறது. அதற்கு இடம் விடத்தான் நான் பெரிய நம்பராகப் போட்டுப் போட்டு, ஸ்ட்ரெச்சரைக் கோட்டை விடப் பார்த்திருக்கிறேன். ஊரில் உள்ள ஷூவையெல்லாம் வைதேன். குற்றவாளி என் விரலிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஆபரேஷனுக்குப் போகிற பெண்களுக்கு மெட்டியைக் கழற்றிவிடுவதும் என் வேலைதான். சோப்பு போட்டு, பேச்சுக் கொடுத்து, அவர்கள் அழுவதற்கு முன்னால் கழற்றிவிடுவேன். அதில் எனக்குப் பெயரே இருக்கிறது. சில பேர், "நீ தொடாத, அவரக் கூப்பிடு" என்பார்கள். வெளியே இருந்து புருசன்காரன் வந்து, கூச்சப்பட்டுக்கொண்டே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவான். நான் உள்ளுக்குள் சிரிப்பேன்.

இப்போது என் விரலில் கை வைக்கிறேன், கை வரமாட்டேன் என்கிறது. நான் வீட்டை விட்டு வந்தவள். நானே கழற்றினால் ஊர் அதற்கு வேறு பெயர் வைக்கும். ஊர் கிடக்கட்டும், நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள் என்றுதான் பயமாக இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். போட்டுவிட்டவர் நீங்கள். நீங்களே வந்து கழற்றிவிடுங்கள். கோபத்தில் கேட்கவில்லை. நடக்கவேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

உங்கள்
பாண்டீஸ்வரி


ஒத்தக்கடை,
8.7.2025

மாமாவுக்கு,

பதில் இல்லை. தபால்காரர் என்னைத் தூரத்தில் கண்டதுமே தலையை ஆட்டிவிடுகிறார்.

நீங்கள் "ம்" என்று சொல்வதைக்கூட நான் கெட்ட பழக்கம் என்று நினைத்தேன். அந்த "ம்" இல்லாமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழவாசல் பக்கம் சாதிகாவின் அண்ணன் அசீம் வைத்திருக்கிற செருப்புக்கடைக்குப் போகிறேன். வழியைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நான் ஷூவோடு சரிவுப் பாதையில் இறங்கிக் காட்டவேண்டும்.

நீங்கள் வந்தாலும் மெட்டியைக் கழற்றுவேன், வராவிட்டாலும் கழற்றுவேன். வந்தால் அது ஷூவுக்காக. வராவிட்டால் அது எதற்காக என்று நீங்களே பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

பாண்டீஸ்வரி


ஒத்தக்கடை,
14.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் செய்ததை உங்களுக்கே எழுதுகிறேன். ஏனென்றால் நீங்கள் கடைசி வரைக்கும் குனிந்தே இருந்தீர்கள். சுற்றி என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

நான் கடைக்குள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அசீம் தம்பி யாரையோ பார்த்து, "அண்ணே, இது செருப்புக்கடைண்ணே. செருப்போடயே வரலாம்" என்றார். திரும்பிப் பார்க்காமலே வந்தது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செருப்புக்கடை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வருகிற ஆள் இந்த மதுரையில் வேறு யார் இருக்கிறார்கள்? நீங்கள் "பழக்கம் தம்பி" என்றீர்கள். அன்றைக்கு என் காதுபட நீங்கள் பேசியது அது மட்டும்தான்.

நான் எழுந்து நாற்காலியைக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். ஒரு அம்மா பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்க வந்திருந்தார்கள். அவர்கள் பிள்ளையை நிறுத்திவிட்டு உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெல்பேட்டையில் இருந்து எனக்குத் துணையாக வந்த சாதிகா, பேச்சுக்கே பஞ்சம் இல்லாதவள், "அக்கா வீட்டுக்காரரு" என்று அந்த அம்மாவின் காதில் சொன்னாள். எனக்குக் காலை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. கல்யாணத்தன்று ஒரு தடவை தொட்ட கால். அதற்குப் பிறகு முள் எடுக்கக்கூட நான் உங்களிடம் காட்டியதில்லை.

நான் சோப்பும் எண்ணெயும் கொண்டு வந்திருந்தேன். நீங்கள் சட்டைப்பையில் இருந்து நனைத்த கோரையை எடுத்தீர்கள். கொடியை அகத்தியில் கட்டுவீர்களே, அதே கோரை. நுனியை மெட்டிக்கு அடியில் நுழைத்து, விரலில் இறுக்கமாகச் சுற்றி, பிறகு ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துக்கொண்டே வந்தீர்கள். பிரியப் பிரிய மெட்டி தானாக நகர்ந்தது. ஒரு கீறல் இல்லை. ஆஸ்பத்திரியில் நான் எத்தனை பேருக்குக் கழற்றியிருக்கிறேன், இப்படி நோகாமல் ஒருவருக்கும் கழற்றியது இல்லை.

மெட்டி இருந்த இடத்தில் தோல் வெள்ளையாக, ஒரு பள்ளம். என் உடம்பில் வெயிலே பார்க்காத இடம் அது ஒன்றுதான் போலிருக்கிறது. அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டீர்கள். ரொம்ப நேரம் தேய்த்தீர்கள். மேலே இருந்து பார்த்தபோது உங்கள் பிடரி முடி முழுக்க நரைத்திருப்பது தெரிந்தது. எப்போது நரைத்தது மாமா?

அசீம் தம்பி அலமாரியில் இருந்து ஷூ எடுக்கப் போனார். நீங்கள் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு என் பையைப் பார்த்தீர்கள். வாடிப்பட்டிச் சந்தை ஷூ அதில்தான் இருந்தது. அதை நான் எடுத்து வந்திருப்பேன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களே மாட்டிவிட்டு, கயிற்றைக் கொடிக்கால் முடிச்சாகப் போட்டீர்கள்.

நான் எழுந்து நின்றேன். ஒன்றும் இல்லை. வலி வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன், வரவில்லை. கடையைத் தாண்டித் தெருவுக்குப் போனேன். இரண்டாம் விரல் முதல்முதலாகத் தரையைத் தொட்டு அமுக்குவது தெரிந்தது. என் காலிலேயே ஒரு விரல் புதிதாகப் பிறந்த மாதிரி. ஜிகர்தண்டா வண்டி வரைக்கும் போய்த் திரும்பினேன், பிறகு இன்னொரு தடவை போனேன். நடப்பது என்றால் இதுதானா, இத்தனை நாள் நான் செய்துகொண்டிருந்தது என்ன என்று பிரமிப்பாக இருந்தது. ரோட்டிலேயே வாய்விட்டுச் சிரித்தேன். ஆட்டோக்காரர் ஒருவர் ஒதுங்கிப் போனார்.

திரும்பிக் கடைக்கு வந்தால் நீங்கள் இல்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாருக்கா" என்றாள் சாதிகா. நாற்காலியில் வெற்றிலைக் கட்டு ஒன்று இருந்தது. புதுக்கொடியின் முதல் கிள்ளு என்று பார்த்ததுமே தெரிந்தது. வாசலில் உங்கள் செருப்பு அப்படியே கிடந்தது. பெண்டாட்டிக்கு ஷூ மாட்டிவிட வந்த மனுசன் சோழவந்தானுக்கு வெறுங்காலோடு போயிருக்கிறார்.

இன்றைக்குக் காலையில் சரிவுப் பாதையில் இறங்கிக் காட்டினேன். சூப்பர்வைசர் அம்மா ஷூவைப் பார்த்துவிட்டு, "எங்கே வாங்கினீங்க?" என்றார்கள். "சொந்தக்காரர் வாங்கிக் கொடுத்தார்" என்றேன். வேலை நிலைத்துவிட்டது.

ஒன்றுதான் மனதில் கிடந்து அறுக்கிறது. மெட்டி இரண்டையும் நீங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். என்னிடம் தரவில்லை. ஷூவை மாட்டிவிட்டதற்கு அர்த்தம் புரிகிறது. மெட்டியைக் கொண்டுபோனதற்கு அர்த்தம் புரியவில்லை. நான் பயந்த பெயரை வைத்துவிட்டீர்களா? அப்படியென்றால் அதையும் எழுதிவிடுங்கள். நின்றுகொண்டே படிப்பேன். இப்போது என்னால் நிற்க முடியும்.

பாண்டீஸ்வரி


சோழவந்தான்,
18.7.2025

பாண்டீஸ்வரிக்கு,

பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் காலைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர், "கோயிலுக்கு வேண்டுதலா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

காலை எப்போது அளந்தேன் என்று நீ கேட்டதற்குப் பதில். கல்யாணத்தன்று உன் காலைத் தூக்கி அம்மியில் வைத்தேனே, அப்போது தெரியும். அன்றைக்கு ஒரு சாணும் இரண்டு விரலும். இருபது வருடம் நம் வாய்க்காலில் நடந்ததற்கு ஒரு விரல் கூட்டிக்கொண்டேன்.

நீ கடைக்கு வெளியே நடந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீ அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் கண் கலங்கிவிடும் போல இருந்தது. அதனால்தான் கிளம்பிவிட்டேன்.

மெட்டிக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. கொடிக்கால் படலுக்குப் பக்கத்தில், நாம் செருப்பைக் கழற்றிப் போடுகிற இடத்துக்கு மேலே, ஒரு ஆணி அடித்திருக்கிறேன். இரண்டும் அதில் தொங்குகின்றன. நீ வந்தால் அந்த இடத்தில்தான் ஷூவைக் கழற்றவேண்டும். கழற்றியதும் மெட்டியைப் போட்டுவிடுகிறேன். திரும்பிப் போகும்போது அதை ஆணியில் மாட்டிவிட்டு ஷூவைப் போட்டுவிடுகிறேன். ரெண்டும் என் வேலை.

தங்கவேண்டும் என்று இல்லை. லீவு நாளில் வந்தால் போதும். என் செருப்பையும் எடுத்து வா.

கால் நோகும்போது வரவேண்டாம் பாண்டீஸ்வரி. நோகாதபோது வா.

உன்
காசிமாயன்